தண்ணீரை எடுத்துவிட்டு நெருப்பை வைத்தேன்

மைரீனாவின் கூண்டு அறுந்து விழுந்தபோது இரவு மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காதில் ஹெட்போன் இருந்ததால் வீட்டில் யாரும் விழிக்கவில்லை. எத்தல் கிழவி இன்னும் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த இரண்டு சுற்றுகளில் அவளையும் முடித்துவிட்டேன். அனுபவப் புள்ளிகள் ஏறின. என் ஆட்கள் நால்வரும் நல்லபடியாக நின்றார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது வெற்றிதான். கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எங்கும் இல்லாத ஒரு பெண் ஒரு வீடியோ கேமில் செத்துப்போனதற்காக நாற்பத்து மூன்று வயதுக்காரன் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பது அசட்டுத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவள் செத்ததுகூட என்னை அவ்வளவு உறுத்தவில்லை. அந்தக் கூண்டில் பிடித்த தீயை அணைக்கக்கூடிய மந்திரம் முந்தைய நாள் மாலை வரைக்கும் என்னிடம் இருந்தது. முதல் நிலை மந்திரம், மிகச் சாதாரணமானது. அதை நானே, என் கையாலேயே, ஒரு பட்டியலைப் பார்த்து எடுத்துப் போட்டிருந்தேன்.

அக்கா மகனின் அட்டவணை

பட்டியல் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். பால்டர்ஸ் கேட் 3 என்ற அந்த விளையாட்டு வெளிவந்த 2023 ஆகஸ்டிலேயே அதைத் தொடங்கி, நான் வாங்குவதற்குள் மூன்று முறை முடித்திருந்தான். அதில் ஒரு முறை ஹானர் மோடில். ஒரே ஒரு சேமிப்பு, செத்தால் செத்ததுதான் என்கிற அந்த முறையில் கரையேறியவனிடம் யோசனை கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? என் நால்வரில் மந்திரவாதியான கேல் ஐந்தாம் லெவலுக்கு வந்த அன்று, மூன்றாம் நிலை மந்திரங்கள் முதன்முறையாக என் முன்னால் விரிந்தன. ஃபயர்பால், லைட்னிங் போல்ட், ஹேஸ்ட், ஸ்லோ, ஹிப்னாட்டிக் பேட்டர்ன், ஃப்ளை, கவுன்ட்டர்ஸ்பெல் என்று நீண்டுகொண்டே போன வரிசையில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஜவுளிக் கடையில் ஐம்பது புடவைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு எதைக் கட்டித் தரட்டும் என்று கேட்டால் வருமே, அந்த மலைப்பு. திரையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூடவே, என் ஆட்கள் ஏற்கெனவே வைத்திருந்த மந்திரங்களின் படத்தையும் அனுப்பியதுதான் வினை.

அரை மணி நேரத்தில் ஓர் அட்டவணை வந்தது. அவனே தயாரித்தது, வண்ணம் எல்லாம் தீட்டி. உச்சியில் எஸ் வரிசை, அதன் கீழே ஏ, பி, சி, கடைசியில் சாம்பல் நிறத்தில் டி. எஸ் வரிசையில் ஃபயர்பால், ஹேஸ்ட், கவுன்ட்டர்ஸ்பெல், ஸ்பிரிட் கார்டியன்ஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம். கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேலைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது."

பாவமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஃபிளேமிங் ஸ்ஃபியர், கிளவுட் ஆஃப் டேகர்ஸ், வெப், ஹோல்ட் பர்சன், ஃபாக் கிளவுட் என்று ஐந்து மந்திரங்களை ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஐந்துமே மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்க வேண்டிய வகை. ஒன்றைப் பிடித்திருக்கும்போது இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது கலைந்துவிடும். அடிபட்டாலும் கலைந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஒரு கையில் பிடிப்பதற்கு ஐந்து குடைகளை வாங்கி வைத்திருப்பவனைப் போல இருந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்தால் எல்லாமே அருமையாகத் தெரிந்தன. சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. சண்டைக்குச் சண்டை கேல் அரைகுறையாக நின்றதன் காரணத்தை இருபது வயதுப் பையன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். இந்த விஷயத்தில் அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதே உற்சாகத்தில், என் நால்வரில் இன்னொருத்தியான பூசாரி ஷேடோஹார்ட்டின் பக்கமும் போனேன். அவளிடம் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட இடத்தில் மழையைப் பெய்ய வைக்கலாம், அல்லது தேங்கிய நீரை வற்றச் செய்யலாம். அட்டவணையில் அது சாம்பல் வரிசையில் கிடந்தது. பக்கத்தில் எழுதியிருந்த காரணமும் நியாயமானதுதான்: இந்த விளையாட்டில் நனைந்தவன் மேல் நெருப்பு பாதிதான் ஏறும். நெருப்பை நம்பி நடத்தும் கூட்டத்துக்குத் தண்ணீர் சத்துரு. அதற்கு இரண்டு நாள் முன்புதான் நானே ஒரு கும்பல் காப்ளின்களை முதலில் மழையில் நனைய வைத்துவிட்டு, அடுத்த நொடியே அவர்கள் மேல் நெருப்பை எறிந்து, எண்கள் ஏன் இப்படி நோஞ்சானாக வருகின்றன என்று விழித்திருந்தேன். ஆகவே மறுபேச்சில்லாமல் தண்ணீரை எடுத்தேன். கேலுக்கு ஃபயர்பால் வந்தது, ஷேடோஹார்ட்டுக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் வந்தது. மனம் நிறைந்து போய்விட்டது. புது மிக்ஸி வாங்கிய வீட்டில் தேவையே இல்லாமல் நாலு நாளைக்குச் சட்னி அரைப்பார்களே, அப்படி யார் மேலாவது ஃபயர்பாலை எறிய வேண்டுமே என்று கை துறுதுறுத்தது.

மறுநாள் இரவு சதுப்பு நிலத்துக்குப் போனேன். மைரீனாவைத் தேடி வந்த அவள் சகோதரர்கள் இருவரும் பிணமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிழவியின் குகைக்குள் இறங்கினேன். மைரீனா நிறைமாதக் கர்ப்பிணி. செத்துப்போன கணவனைத் திரும்பக் கொண்டுவருவாள் என்று நம்பி, பிறக்கப்போகும் குழந்தையையே கிழவிக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்டவள். பள்ளத்துக்கு மேலே தொங்கும் கூண்டில் அவளை அடைத்து வைத்திருந்தாள் எத்தல். சண்டை தொடங்கியதும் கூண்டுக்குத் தீ வைத்தாள். ஷேடோஹார்ட்டின் முறை வந்தது. மந்திரப் பட்டையில் தண்ணீர் இருந்த இடத்தை நோக்கி என் சுட்டி தானாகவே போனது. பழக்கம். அங்கே வேறு ஏதோ ஒரு படம் இருந்தது. இரண்டு முறை பட்டையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். சண்டைக்கு வெளியே எப்போது வேண்டுமானாலும், காசு செலவில்லாமல், ஓய்வுகூட எடுக்காமல் மந்திரங்களை மாற்றிக்கொள்ளலாம். சண்டை ஆரம்பித்த நொடியில் பெட்டி பூட்டிக்கொள்ளும். குகை வாசலில் நின்றபோதுகூட மாற்றியிருக்கலாம். மீதிக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஐந்து சிடி காலம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கக் கற்றது இப்போதல்ல. கல்லூரி விடுதியில் எங்கள் தளத்தில் ஒரே ஒருவனிடம்தான் கணினி இருந்தது. அவனிடம் 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட் ஐந்து சிடிகளில் இருந்தது. எங்கிருந்து வந்தவை என்று கேட்காதீர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனால் திரை நின்று, மூன்றாவது சிடியைப் போடு என்று கேட்கும். அந்தச் சிடி அடுத்த அறைக்காரனின் தலையணைக்கு அடியில் இருக்கும்.

அந்த விளையாட்டில் மந்திரம் என்பது தோட்டாவைப் போல. மேஜிக் மிசைல் இரண்டு தடவை வேண்டுமென்றால் அதையே இரண்டு முறை மனப்பாடம் செய்து வைக்க வேண்டும். ஒரு முறை சொன்னதும் அது மண்டையிலிருந்து அழிந்துவிடும். மறுபடி தூங்கி எழுந்தால்தான் வரும். இந்த வினோத ஏற்பாடு ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட கதைகளிலிருந்து வந்தது. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டு அதை எடுத்துக்கொண்டது. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு கட்டைத் தளர்த்தியது. தயார் செய்த பட்டியலிலிருந்து எதை வேண்டுமானாலும், அதன் நிலைக்கோ அதற்கு மேலான நிலைக்கோ உரிய ஸ்லாட் (ஒரு முறை மந்திரம் சொல்வதற்கான இடம்) மீதமிருக்கும்வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாயிற்று. அந்தத் தளர்ந்த விதிகளின் மேல்தான் பால்டர்ஸ் கேட் 3 நிற்கிறது. ஐந்தாம் லெவல் கேலிடம் ஒன்பது மந்திரங்கள் தயாராக இருந்தன. செலவழிக்க முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2 ஸ்லாட்டுகள். பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது கல்யாண வீட்டுப் பந்தி.

ஃபயர்பால் மீதான மோகமும் அந்த விடுதி அறையில் ஆரம்பித்ததுதான். அதை முதன்முதலாக மனப்பாடம் செய்த அன்று ஏழெட்டுப் பேர் திரையைச் சுற்றி நின்றோம். குறுகலான ஒரு சுரங்கப் பாதை, எதிரே கோபோல்டுகள். எறிந்தான் கணினியின் சொந்தக்காரன். கோபோல்டுகள் போயின, முன்னால் நின்ற எங்கள் ஆட்கள் மூவரும் கூடவே போனார்கள். அந்த நெருப்புக்கு நண்பன், பகைவன் தெரியாது. லைட்னிங் போல்ட் அதைவிட மோசம். சுவரில் பட்டுத் திரும்பி எறிந்தவன் மேலேயே பாயும். அரை நிமிட மௌனத்துக்குப் பிறகு யாரோ ஒருவன் 'இன்னொரு தடவை' என்றான். அவ்வளவுதான், எல்லோரும் கூச்சல் போட ஆரம்பித்தோம். எங்கள் ஆட்கள் மூவர் செத்துப் போனதைப் பற்றி ஒருவனும் பேசவில்லை.

இந்த மோகம் எங்களோடு நின்றுவிடவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு முன்னோடியாக 1971-இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைச் சிப்பாய் விளையாட்டின் விதிப் புத்தகத்தில், கடைசிப் பகுதியில் மந்திரவாதிகளைச் சேர்த்தபோது, அவர்கள் எறியும் நெருப்புப் பந்து பெரிய கல்லெறி பொறி தாக்கும் பரப்புக்குச் சமம் என்று எழுதினார்கள். போர்க்களத்தில் பொறி செய்த வேலையைத்தான் மந்திரவாதிக்குக் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அந்தச் சலுகை தொடர்கிறது. 2014 பதிப்பின் கையேட்டில், புதிதாக மந்திரம் உருவாக்குகிறவர்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. பலரை ஒருசேரத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு 6 பகடைகள் போதும் என்கிறது அது. ஃபயர்பாலுக்கு 8 பகடைகள். சராசரியாக 21 வர வேண்டிய இடத்தில் 28. தங்கள் விதியைத் தாங்களே மீறிச் செல்லப் பிள்ளைக்குக் கூடுதலாக இரண்டு கரண்டி பரிமாறியிருக்கிறார்கள். எந்தப் பட்டியலை எடுத்தாலும் அது உச்சியில் நிற்பதில் என்ன வியப்பு இருக்கிறது?

எஃப்8

மறுநாள் காலை அக்கா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்ல பிள்ளை.

"எத்தல் தன்னைப் போலவே நகல்களை உண்டாக்கினாளே, என்ன செய்தீர்கள்?"

"மேஜிக் மிசைல் அடித்தேன். மூன்று அம்பு, மூன்று நகலும் காலி. உன் அட்டவணையில் இருந்ததுதான்."

"பார்த்தீர்களா?" என்றான் பெருமையோடு. குறி தவறவே தவறாத மந்திரம் அது. ஒவ்வோர் அம்பும் கொஞ்சம்தான் காயப்படுத்தும் என்றாலும் நகல்களுக்கு ஒரு கீறல் போதும். அதையும் நான் ஒப்புக்கொண்டேன்.

"இதற்கு ஏன் மாமா இவ்வளவு வருத்தம்? எஃப்8 அழுத்துங்கள். சண்டைக்கு முந்தைய சேமிப்பு இருக்கும். தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். பத்து நிமிட வேலை."

"அப்படிச் செய்யலாம் என்றால் எந்த மந்திரத்தை வைத்திருந்தாலும் ஒன்றுதானே? உன் அட்டவணை எதற்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவன் சொன்னதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். "நான் அதை ஹானர் மோடுக்காகப் போட்டேன் மாமா. அங்கே எஃப்8 கிடையாது. நம் ஆட்கள் நாலு பேர் சாகக் கூடாது. அதற்கு எது உதவுமோ அது மேலே, உதவாதது கீழே."

"மைரீனா?"

"அவள் நம் ஆள் இல்லையே."

குரலில் குரூரம் எதுவும் இல்லை. கணக்கைச் சொன்னான், அவ்வளவுதான். அவனுடைய மூன்று ஆட்டங்களில் மைரீனா பிழைத்தாளா என்று கேட்டேன். ஒன்றில் பிழைத்தாள், ஒன்றில் இல்லை, மூன்றாவதில் அந்தக் குகைக்கே போகவில்லை, ஆபத்து அதிகம் என்றான். நான் தொலைபேசியை வைத்துவிட்டு அந்த அட்டவணையை மறுபடி திறந்தேன். வண்ண வண்ணக் கட்டங்களுக்கு மேலே தலைப்பு மட்டும் இருந்தது: சிறந்த மந்திரங்கள். யாருக்கு, எதற்கு, எந்த ஆட்டத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அவன் பிழைத்துக் கரையேறுவதற்காகப் போட்ட கணக்கை வாங்கி, ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போகும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை சும்மா இருக்க முடியாமல் வேறு சிலரின் பட்டியல்களையும் தேடிப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அவன் சாம்பலில் தள்ளிய அதே தண்ணீர் மந்திரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்தவன் மேல் நெருப்பு பாதி ஏறும் என்றால், மின்னலும் உறைபனியும் இரண்டு மடங்கு ஏறும். மின்னலை நம்பும் கூட்டத்துக்கு மழைதான் முதல் அடி. எனக்குக் கிடைத்தது நெருப்புக் கட்சிக்காரனின் பட்டியல். மின்னல் கட்சிக்காரன் ஒருவன் எனக்கு அக்கா மகனாக வாய்த்திருந்தால் மைரீனா பிழைத்திருப்பாள். ஆனால் அவர்களும் மழையைக் கொண்டாடுவது அடிக்கிற அடி இரட்டிப்பாவதற்காகத்தான். தீயை அணைக்கும் என்று அதை மேலே ஏற்றிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

எஃப்8 அழுத்தவில்லை. அழுத்தக் கூடாது என்று கொள்கை எதுவும் கிடையாது; பூட்டு திறக்கத் தவறிய இடங்களில் கூச்சமில்லாமல் அழுத்தியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவைக்கத் தோன்றியது.

அடுத்தடுத்த அறைகள்

அதன் பிறகு விளையாட்டு முழுக்க என் கண் இதிலேயே இருந்தது. பாழடைந்த கிராமத்தின் அடியில் ஒரு சிலந்திக் குகை இருக்கிறது. வெட்டவெளிப் பள்ளத்தின் மேல் வலைகள் பாலம் போலப் பரந்திருக்கும். தாய்ச் சிலந்தி அதன் மேல் நின்றுகொண்டு நினைத்த இடத்துக்குத் தாவும். கேல் ஃபயர்பால் எறிந்தான். சிலந்தி அலறிக்கொண்டு கீழே போய் விழுந்தது. பாதி உயிர் போய்விட்டது. செல்லப் பிள்ளையை மெச்சிக்கொண்டேன். சண்டைப் பதிவைத் திறந்து படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நெருப்பு அதன் காலடி வலையை எரித்திருக்கிறது. அடி பெரும்பாலும் விழுந்ததில் பட்ட அடி. ஸ்லாட்டே செலவாகாத ஃபயர் போல்ட் ஒன்றை அந்த வலை மேல் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பெயர் ஃபயர்பாலுக்கு, வேலை பார்த்தது வலை.

அண்டர்டார்க் என்ற பாதாளப் பகுதியில் சசர் மரம் ஒன்று இருக்கிறது. அதன் அருகே போனால் மந்திரம் எதுவுமே வாயில் வராது. எஸ் வரிசையும் டி வரிசையும் அங்கே ஒன்றுதான். ஒன்பது மந்திரங்களோடு வந்த கேல், கையில் இருந்த கோலால் ஒரு கொக்கிக் கைப் பிராணியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கிரிம்ஃபோர்ஜ் உலையில் காவல் நிற்கும் உலோகப் பூதம் இன்னொரு வகை. எரிமலைக் குழம்பில் நின்று பழுக்கக் காயும்வரை அதன் மேல் எதுவும் ஏறாது. காய்ந்த பிறகும் அதற்குக் கனத்த அடிதான் கொடுக்க வேண்டும். உலையின் பெரிய சம்மட்டிக்குக் கீழே அதை இழுத்துவந்து நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். அந்தச் சண்டையில் எனக்கு உதவியது, அடிக்க வந்தவனிடமிருந்து விலகி ஓடக் கைகொடுத்த மிஸ்டி ஸ்டெப்.

பட்டியல் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. எல்லாக் கதவுகளையும் ஒரு முறையாவது திறந்து பார்த்தவர்கள் அவர்கள். சிலந்தி எங்கே நிற்கும், சம்மட்டி எப்போது விழும் என்று அறிந்தவர்களுக்கு, தெரியாததற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. அந்தந்த அறைக்கு முன்னால் வேண்டியதை மாற்றிக்கொள்வார்கள். முதல் முறை வருகிறவனுக்கோ எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவனிடம் மட்டும்தான் அந்தப் பட்டியல் போய்ச் சேர்கிறது. மற்றவர்களுக்கு அது வேண்டியதில்லையே.

மிருகங்களோடு பேசும் மந்திரத்தையும் அவன் சாம்பலில்தான் போட்டிருந்தான். காரணம் என்று எழுதியது ஒரே வார்த்தை: பொழுதுபோக்கு. எஜமானின் பிணத்தருகே காவல் இருக்கும் ஸ்க்ராட்ச் என்ற நாயிடம் அந்த மந்திரத்தோடு போய்ப் பேசிப் பார்த்தவர்கள் அந்த வார்த்தையை எழுத மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதை அவனிடமே சொன்னேன். "நான் பேசியிருக்கிறேன் மாமா, முதல் ஆட்டத்தில்" என்றான். "மூன்றாவது ஆட்டத்தில் அது என்ன சொல்லும் என்று தெரியுமே." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடியும் சதுப்பு நிலம்

சென்ற மாதம் இரண்டாவது ஆட்டம் தொடங்கினேன். இந்த முறை அட்டவணை எதுவும் இல்லை. கேலின் ஒன்பதில் மூன்று இடங்களை, இப்போதைக்கு எந்தச் சண்டையிலும் பயன் தெரியாதவற்றுக்கு விட்டேன். ஃபெதர் ஃபால் ஒன்று, கிரீஸ் ஒன்று, மூன்றாவது அடிக்கடி மாறும். ஷேடோஹார்ட்டிடம் தண்ணீர் முதல் நாளிலிருந்தே இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே பயன்படுத்தினேன். தீ எரியும் எந்த மூலையைப் பார்த்தாலும் ஒரு மழை.

எத்தல் கூண்டுக்குத் தீ வைத்தாள். ஷேடோஹார்ட் கையை உயர்த்தினாள், மழை கொட்டியது, கூண்டின் தீ புஸ்ஸென்று அடங்கியது. அதுவரை சரி. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கிழவியும் தொப்பலாக நனைந்துவிட்டாள். அடுத்து கேலின் முறை. கையிலிருந்த பெரிய ஆயுதம் ஃபயர்பால். நனைந்தவள் மேல் நெருப்பு எவ்வளவு ஏறும் என்று அட்டவணையில் எழுதியிருந்ததோ, இம்மியும் பிசகாமல் அவ்வளவே ஏறியது. சண்டை இழுத்துக்கொண்டே போனது. என் ஆட்களில் லேசெல் விழுந்தாள், எழுப்பினேன், மறுபடி விழுந்தாள். கடைசியில் என் நாலாவது ஆள் ஆஸ்டேரியனின் அம்பு ஒன்றுதான் கிழவியை முடித்தது. வெறும் அம்பு.

மூச்சு வாங்கிக்கொண்டு மைரீனாவிடம் போனேன். ஒரு வருடமாகச் சுமந்த பாரம் இறங்கப்போகிறது என்று ஒரு நினைப்பு. அவளோ என் மேல் சீறி விழுந்தாள். கிழவியைக் கொன்றுவிட்டாயே, என் கணவனை இனி யார் எழுப்பித் தருவார்கள், உன்னை யார் கூப்பிட்டது என்கிற ரீதியில் ஒரு பாட்டம். நால்வரும் காயங்களோடு நின்று கேட்டுக்கொண்டோம். சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே மனைவி, "இந்த நேரத்தில் யாரோடு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றாள்.

திரையைப் படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். தூங்காமல்தான் இருந்திருக்கிறான், உடனே பதில் வந்தது. "அப்படியென்றால் தண்ணீரை எஸ் வரிசைக்கு மாற்றிவிடட்டுமா மாமா?"

வேண்டாம், அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினேன். பிறகு கேலின் மந்திரப் பக்கத்தைத் திறந்தேன். நனைந்த கிழவியின் மேல் வீணாகப் போன ஃபயர்பாலை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைக்கலாம் என்றுதான் திறந்தேன். சுட்டியை அதன் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விடுதி அறையில் ஏழெட்டுப் பேர் கூச்சலிட்டது காதில் விழுந்தது. அதை எடுக்காமலேயே பக்கத்தை மூடிவிட்டேன்.